என்னைத் தெரிந்த ஒருவர்

1

“உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவருடைய பெயரும் போன் நம்பரும் வேண்டும், கிருபா தாயி” என்று மேதா கேட்டாள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. அவள் நீட்டிய பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினேன்.

மேதா எங்கள் ஆராய்ச்சி மையத்தில் உளவியல் சோதனைகள் நடத்துகிறவள். என் மகளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். இதே கேள்வியை அவள் பல பேரிடம் கேட்பதைப் பக்கத்து அறையிலிருந்து நான் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். மனைவி, மகன், மருமகள், மாடி வீட்டுக்காரர். வாரத்துக்கு ஒரு முறையாவது நேரில் பார்க்கிறவராக இருக்க வேண்டும், சில வருடப் பழக்கம் வேண்டும், இவர் முன்பு எப்படி இருந்தார் இப்போது எப்படி இருக்கிறார் என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஊரில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். திசையன்விளை பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கி நின்றாலே, இன்னார் மகள், பம்பாயில் கட்டிக்கொடுத்தது, புருஷன் செத்துப்போய்விட்டான் என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். நானும் இந்தக் கேள்வியை அதுவரை பெரிதாக நினைத்ததில்லை. பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான், எழுத எனக்குப் பெயர் இல்லை என்று தெரிந்தது.

“நாளைக்குத் தருகிறேன்” என்றேன். மேதா என்னைக் கொஞ்சம் வியப்பாகப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

2

ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்கள். ஸ்கேன் சென்டரில் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அது பாதிதான் உண்மை. முதலில் அப்படி ஒரு இடத்தில் எம்.ஆர்.ஐ. மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது மெஷின் பக்கம் அதிகம் போவதில்லை. வேலையெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால்தான்.

வயதாகும்போது சிலருக்கு ஞாபகம் குறைகிறது. அப்போது மூளைக்குள் எந்த இடம் எப்படி உரு மாறுகிறது என்று எங்கள் மையத்தில் பார்க்கிறார்கள். ஞாபகம் தவறுகிறவர்கள் ஒரு குழு. அதே வயதில் நன்றாக இருக்கிறவர்கள் இன்னொரு குழு. இந்த இரண்டாவது குழுவுக்கு எங்கள் இடத்தில் ‘கன்ட்ரோல்’ என்று பெயர். இரண்டு குழுவினருக்கும் ஸ்கேன் எடுத்து, வடிவத்தை வடிவத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவார்கள். கணக்குக்கு முன்னால் படங்களைப் பதப்படுத்தித் தருவது என் வேலை.

படம் வந்ததும் பெயரை எடுத்துவிட்டு எண் கொடுப்பேன். அடுத்தது வலது, இடது. ஒரு வகைப் படத்திலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றும்போது கம்ப்யூட்டர் சில சமயம் இரண்டையும் புரட்டிவிடும். அதற்காகவே ஸ்கேனுக்குள் போகும்போது வலது நெற்றிப்பொட்டில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டி அனுப்புவோம். படத்தில் அது பளிச்சென்று தெரியும். அதை வைத்துச் சரிபார்த்த பிறகு முகத்தை வெட்டி எடுப்பேன். தலையைத் திரையில் திருப்பிப் பார்த்தால் மூக்கும் உதடும் அப்படியே தெரியும், தெரிந்தவர்கள் பார்த்தால் இன்னார் என்று சொல்லிவிடலாம். அதனால் முகம் இருக்கக் கூடாது.

காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும், சுருண்ட இறால் போல ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்பார்கள். இன்றைக்கு நடந்ததை நாளைக்கு ஞாபகத்தில் வைத்திருக்க அது வேண்டும். அதன் ஓரத்தைக் கம்ப்யூட்டரே கோடு போட்டுத் தரும். ஆனால் பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாயையும் சேர்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் வாலை விட்டுவிடும். நான் ஒவ்வொரு படமாகப் பார்த்துத் திருத்துவேன். நடுவில் ஓட்டை இருந்தால் அடைப்பேன், தேவையில்லாத மேட்டை மழிப்பேன். பிறகு அதன் மேல் ஒரு மீன்வலையைப் போர்த்தினாற்போல முடிச்சு முடிச்சாக மாற்ற வேண்டும். ஒருவர் வலையில் தலைப்பக்கம் உள்ள முடிச்சு, மற்றவர்கள் எல்லோர் வலையிலும் அதே தலைப்பக்கத்து முடிச்சோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒருவருடைய தலையை இன்னொருவருடைய வாலோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். கடைசியாக எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு நகர்த்தி, ஒரே பக்கம் திருப்பி, ஒரே அளவுக்குக் கொண்டுவந்து அடுக்குவேன். அதற்கு மேல் புள்ளியியல் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் காய் நறுக்கிக் கொடுப்பது மாதிரிதான். சமையல் வேறு ஆள்.

வேலை எனக்குப் பிடிக்கும். பேச வேண்டாம். சில நாட்களில் காலையில் லிஃப்ட்காரரிடம் சொன்ன ‘நமஸ்தே’க்குப் பிறகு, சாயங்காலம் ரயிலில் உட்கார இடம் பிடிக்க ‘எங்கே இறங்குகிறீர்கள்’ என்று யாரிடமாவது கேட்கும்போதுதான் என் குரல் எனக்கே கேட்கும்.

இந்த வருடம் ஸ்கேனரில் புதிய மென்பொருள் போட்டார்கள். சோதித்துப் பார்க்க யாராவது உள்ளே படுக்க வேண்டியிருந்தது. நான் படுத்தேன். படம் சுத்தமாக வந்திருந்தது. எங்கள் டாக்டர் மேடம் அதைப் பார்த்துவிட்டு, கன்ட்ரோல் குழுவில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் குறைவாக இருக்கிறார்கள், உங்களையே சேர்த்துக்கொள்ளலாமே என்றார். முறைப்படி சம்மதம் வாங்கினார்கள். என் படத்தை நானே திருத்தக் கூடாது என்பதால் இன்னொரு பெண் திருத்தினாள். ஞாபகச் சோதனை, கணக்குச் சோதனை எல்லாம் மேதா வைத்தாள். எல்லாவற்றிலும் தேறினேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான். இவள் பழையபடியே இருக்கிறாள் என்று சொல்ல ஒரு ஆள்.

3

மறுநாள் என் மகள் ஷீபாவின் பெயரைக் கொடுத்தேன். வேறு யாரைக் கொடுப்பது.

ஷீபா இங்கே பம்பாயில், செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். படிப்பு ஆங்கிலத்தில், விளையாட்டு ஹிந்தியில், தமிழ் எங்களிடம் மட்டும். ஞாயிறு பள்ளியில் தமிழ் எழுத்துக்களைப் படித்தாள், அப்புறம் விட்டுப்போயிற்று. இப்போது டப்ளினில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நான் தமிழில் மெசேஜ் அனுப்பினால், “மம்மி, வாய்ஸ் அனுப்பு” என்று பதில் வரும். இந்தக் குறிப்புகளையும் அவள் படிக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவாள். நேரில் பார்ப்பது வருடத்துக்கு ஒரு முறைதான். ஆனாலும் மகள்தானே, மேதா கொஞ்சம் விட்டுக்கொடுத்து அவளுக்குப் போன் செய்தாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஷீபா என்னைக் கூப்பிட்டாள். முகம் சரியில்லை. அந்த மேடம் நிறையக் கேட்டார்கள் என்றாள். உங்கள் அம்மா தனியாகக் கடைக்குப் போவார்களா, பேங்க் வேலையைத் தானே பார்ப்பார்களா, முன்பு பிடித்த விஷயங்களில் இப்போதும் விருப்பம் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கிறார்கள் என்றே சொன்னாளாம்.

“அப்புறம் லாஸ்ட் வீக் உங்க மம்மிக்கு என்ன நடந்துச்சு, ஒண்ணு சொல்லுங்கன்னாங்க” என்றாள். “மம்மிகிட்ட அதையே கேட்டு, ஞாபகம் இருக்கான்னு பாப்பாங்களாம். எனக்கு ஒண்ணுமே சொல்ல வரல மம்மி.”

“ஒண்ணும் நடக்கலியேம்மா, என்னத்தச் சொல்ல.”

“அது இல்ல. நான் கேட்டா சாப்பிட்டேன்னு சொல்றே, தூங்குனேன்னு சொல்றே. அதுக்கப்புறம் என்னைப் பத்தி கேக்க ஆரம்பிச்சிடறே. லாஸ்ட் மந்த் என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்க. அதுவும் தெரியல. எக்ஸாம்ல ப்ளாங்க் பேப்பர் கொடுத்த மாதிரி இருந்துச்சு.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். “பாத்தியா” என்றாள் அவள். “மறுபடி என்னைப் பத்தி.”

இரண்டு நாள் கழித்து மேதா என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மகளுடைய பதில்கள் போதவில்லை, உள்ளூரில் யாராவது கிடைப்பார்களா. இந்த வாரக் கடைசியில் இரண்டு குழுக்களையும் ஒப்பிடப்போகிறார்கள், அதற்குள் முடிந்தால் நல்லது.

4

உள்ளூரில் யார்?

செம்பூரில் நாங்கள் இருந்த பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். எதிர் வீட்டு மராத்தி அத்தை சுலோசனா காக்கு இருந்திருந்தால் என்னைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசியிருப்பாள். அவள் இப்போது மகனோடு பன்வேலில் இருக்கிறாள். நான் வாடகைக்கு வந்திருப்பது ஒரு கோபுரக் கட்டடத்தின் பதினோராவது மாடி. கதவுகள் எல்லாம் மூடியே இருக்கும். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது வெளியே கிடக்கும் செருப்பை வைத்துத்தான் தெரியும்.

சபை இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்குப் போகிறேன். என் கணவர் சாம் இறந்த புதிதில், ஆராதனை முடிந்ததும் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். எனக்கு அது தாங்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தேன், கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்து வர ஆரம்பித்தேன். ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போது யாரும் கையைப் பிடிப்பதில்லை.

என்னை வாரந்தோறும் பார்க்கிற ஒரே மனிதர் அண்ணாச்சிதான் என்று கடைசியில் கண்டுபிடித்தேன்.

தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அவருக்கு மளிகைக் கடை. சாத்தான்குளம் பக்கத்துக்காரர். கல்யாணமாகி வந்த புதிதில் நாங்கள் அந்தச் சந்தில்தான் குடியிருந்தோம். செம்பூருக்கு மாறிய பிறகும் சனிக்கிழமை தோறும் சாமும் நானும் சயானுக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து நடந்து அண்ணாச்சி கடைக்குப் போவோம். புழுங்கல் அரிசி, தேங்காய் எண்ணெய், கருப்பட்டி. இவையெல்லாம் செம்பூரிலேயே கிடைக்கும். சாமுக்கு அண்ணாச்சியோடு பேச வேண்டும், அதற்காகத்தான் போவது. சாம் போன பிறகும் நான் போவதை விடவில்லை. ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. அரிசி வாங்குவேன், ஊரில் மழை உண்டா என்று கேட்பேன், வந்துவிடுவேன்.

அண்ணாச்சிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். ஹிந்தியில்தான் கேட்பார்கள், உங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும் என்றேன். இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். ‘இன்ஃபார்மன்ட்’ என்றேன்.

“அப்ப என்ன கபரி ஆக்கிட்டியா தங்கச்சி” என்றார். தாராவியில் கபரி என்றால் போலீசுக்குத் துப்புச் சொல்கிறவன். சிரிக்காமல்தான் கேட்டார். பிறகு, “வாரேன். புதங்கெழம மத்தியானம் கடைல கூட்டம் இருக்காது” என்றார்.

5

புதன்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் மஞ்சள் பையோடு வந்து சேர்ந்தார். மேதாவின் அறைக்குள் அவரை அனுப்பிவிட்டு நான் வெளியே நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் எத்தனையோ பேர் கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதன் கால் ஒன்று ஆடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளிருந்து அண்ணாச்சியின் பம்பாய் ஹிந்தி விட்டு விட்டுக் கேட்டது. என்ன சொல்கிறார் என்று புரியவில்லை.

அவர் வெளியே வந்ததும் மேதா என்னைக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். சோதனை நடத்தும்போது அவள் குரல் மாறிவிடும், நாங்கள் ஒன்றாக டீ குடிக்கிற குரல் அது இல்லை.

“போன சனிக்கிழமை கடைக்குப் போனீர்களா?”

போனேன் என்றேன்.

“அங்கே என்ன நடந்தது, சொல்லுங்கள்.”

சொன்னேன். அரிசி வாங்கியது, அரிசியில் கல் இருந்தால் திருப்பித் தருவேன் என்றது, எண்ணெய் டின் ஒழுகுகிறது என்று அண்ணாச்சி வேறு மாற்றித் தந்தது, சந்தில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்ததால் சுற்றி வந்தது. நன்றாகத்தான் சொன்னேன். எண்ணெய் டின்னின் நிறம்கூடச் சொன்னேன்.

“வேறு ஏதாவது? கடைக்காரர் உங்களிடம் தன் வீட்டைப் பற்றி ஏதாவது சொன்னாரா?”

யோசித்தேன். அண்ணாச்சி என்னவோ பேசிக்கொண்டுதான் இருந்தார். அவர் எப்போதும் பேசுவார். அவர் உதடு அசைவது நினைவுக்கு வந்தது. சொன்னது வரவில்லை.

“கொஞ்சம் முக்கியமான விஷயம்” என்றாள் மேதா. “நிதானமாக யோசியுங்கள்.”

கடையில் தொங்கும் தராசு, பூண்டு மூட்டை, அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டு எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. “இல்லை” என்றேன். மேதா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டாள்.

அண்ணாச்சியை வடாலா ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விடப் போனேன். பாதி வழியில் அவர் மஞ்சள் பையைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு அவரே ஆரம்பித்தார்.

“உள்ள போனதுமே, கிருபாவ எவ்ளோ வருசமா தெரியும்னு அந்தப் பிள்ள கேட்டுது. எந்தக் கிருபான்னு கேட்டுட்டேன். எனக்கு நீ சாம் தம்பி வீட்டுக்காரின்னுதான தெரியும்.”

“பரவாயில்ல அண்ணாச்சி.”

“கேட்ட கேள்வியே திரும்பத் திரும்பக் கேப்பாகளான்னு கேட்டுது. ஆமா, வாரா வாரம் ஊர்ல மழையான்னு கேக்கும்னு சொன்னேன். உடனே எழுதிக்கிடுச்சி. அது ஒரு பேச்சுக்குக் கேக்குறது, எங்க ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான்னு சொன்னேன். அத எழுதுன மாதிரி தெரியல. நான் எதும் தப்பா சொல்லிட்டனாம்மா?”

இல்லை என்றேன். பிறகு நின்று, “சனிக்கிழம எங்கிட்ட என்ன சொன்னீங்க அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே சிக்னலைப் பார்த்துக்கொண்டே தன் மனைவியைப் பற்றிச் சொன்னார்.

“ஒங்க மைனிக்கு கண்ணுல புரை. வலது கண்ணு சுத்தமா தெரியல. வெள்ளிக்கெழம ஆப்ரேசன். அவ பயப்படுதா, எனக்கும் பயமாத்தான் இருக்கு, ரெண்டு பயலும் துபாய்ல இருக்கானுவ, கூடமாட ஒரு ஆளில்லன்னு சொன்னேன். நீ ஆமா ஆமான்னு தலைய ஆட்டுன. கேட்டுக்கிட்டுதான் இருக்கன்னு நெனச்சேன்.”

சிக்னல் விழுந்தது. அவர் குறுக்கே நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். ஆனால் எதற்கு என்று எனக்கே தெளிவாக இல்லை. கேட்டு மறந்திருந்தால் அது நோயாக இருக்கலாம். கேட்கவே இல்லையென்றால் அது வேறு. இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பிளாட்பாரப் படியில் ஏறும்போது மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். கடலை மிட்டாய். காத்திருக்கும்போது நான் சாப்பிடுவதற்காகக் கொண்டுவந்தாராம், உள்ளே கூப்பிட்டுவிட்டதால் கொடுக்க மறந்துவிட்டாராம்.

6

முடிவை டாக்டர் மேடமே சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் சோதனைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, ஆனால் ஒருவர் சொன்ன சமீபத்திய நிகழ்ச்சி உங்களுக்கு நினைவில்லை, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பதாகவும் பதிவாகியிருக்கிறது, விதிப்படி கன்ட்ரோலில் வைக்க முடியாது, நோய்க் குழுவிலும் சேர்க்க முடியாது, ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். மழை விஷயத்தை நான் விளக்கினேன். அவர் புன்னகைத்தார். மேதா, தப்பு என்னுடையதுதான் தாயி, நான் அதை வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும் என்றாள். ஆனால் மழையை எடுத்துவிட்டாலும் கண் ஆப்ரேஷன் மிச்சம் இருந்தது.

படங்களை ஒழுங்குபடுத்துகிறவள் நான்தான் என்பதால், என் எண்ணை அடுக்கிலிருந்து எடுத்து ஒதுக்கியவற்றோடு வைக்க வேண்டியதும் நான்தான். தலை ஆடியதால் படம் கலங்கியவர்கள், பல் கம்பியால் நிழல் விழுந்தவர்கள், பாதியில் வேண்டாம் என்று எழுந்து போனவர்கள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். வைக்கும் முன் ஒரு முறை திறந்து பார்த்தேன்.

இத்தனை வருடத்தில் எவ்வளவோ ஹிப்போகாம்பஸ்களைப் பார்த்திருக்கிறேன். நோயாளிகளுடையது எங்கே வற்றும், எந்த ஓரம் உள்ளே குழியும் என்று கண்ணுக்குப் பழக்கம். என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தலைப்பக்கம் சரியாக இருப்பதுபோல இருந்தது. பிறகு வெளி ஓரத்தில் கொஞ்சம் தட்டையாக இருப்பதுபோலவும் இருந்தது. வெளிச்சத்தை மாற்றினால் தட்டை போய்விட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தருகிற முதல் விஷயம், ஒரு ஆளின் வடிவத்தை வைத்து ஒன்றும் சொல்லாதே என்பதுதான். ஆளுக்கு ஆள் வேறுபாடு அவ்வளவு இருக்கும். நிறைய பேரைச் சேர்த்துச் சராசரி எடுத்து, இந்தச் சராசரிக்கும் அந்தச் சராசரிக்கும் உள்ள தூரத்தைத்தான் நம்பலாம். தனி ஆளாக இருக்கிறவரைப் பற்றிக் கேட்டால் அந்தச் சராசரி பதில் சொல்லாது.

எனக்கு அது தெரியும். ஆனாலும் அறையில் எல்லோரும் போன பிறகும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கணக்கை ஓட்டினார்கள். நான் இல்லாமலே இரண்டு குழுக்களும் பிரிந்து வந்தன. வேறுபாடு உள்ள இடங்கள் சிவப்பாகவும் மற்ற இடங்கள் நீலமாகவும் திரையில் சுழன்றன. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். மேதா கேக் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். கேக்கை வாயில் வைத்தபோது, இந்நேரம் ஆப்ரேஷன் முடிந்திருக்கும் என்ற நினைப்பு வந்தது. அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டு, நல்லபடியா முடிஞ்சுது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் என்றார்.

7

சனிக்கிழமை தாராவிக்குப் போனேன். கடையில் கூட்டம் நெரிந்தது. அண்ணாச்சி ஒரு கையால் சர்க்கரை நிறுத்துக்கொண்டே இன்னொரு கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். தாராவியை இடித்துக் கட்டக் கணக்கெடுக்கும் சர்வேக்காரர்கள் ஷட்டரில் எழுதிவிட்டுப் போன எண் பெரிதாகத் தெரிந்தது. அரிசி எவ்வளவு என்று கேட்டார். அரிசி வேண்டாம், மைனியைப் பார்க்க வந்தேன் என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பலகையைத் தூக்கி வழி விட்டார். “சொட்டு மருந்து விடணும். எனக்குக் கை நடுங்குது, காலைல பாதி கன்னத்துலதான் போச்சு. நீ விட்டுருவியா?”

கடைக்குப் பின்னால் இரும்பு ஏணி. அது போய் நுழைவது கூரையில் இருந்த ஒரு சதுரத் துவாரத்துக்குள். அந்தத் துவாரத்தின் வழியாக வளையல் போட்ட ஒரு கை மசாலாப் பொட்டலங்களைக் கீழே நீட்டுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை ஊரில் படிக்கவைத்துவிட்டுத் தாமதமாகத்தான் மைனி பம்பாய்க்கு வந்தார். முட்டுவலியால் ஏணியில் அதிகம் இறங்க மாட்டார். அந்தக் கைக்கு மேலே இருந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

மேலே தலையை நிமிர்த்தி நிற்க முடியாத அறை. கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மின்விசிறி அவருடைய நரைத்த தலைமுடியைக் கலைத்துக்கொண்டிருந்தது.

“மைனி” என்றேன். “நான் வந்து, சாம்…”

“தெரியுது, வா. சனிக்கெழமப் பொம்பளதான.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“பலகதான நடுவுல. கீழ பேசுறது பூரா மேல கேக்கும்லா” என்றார். “மொதல்ல ரெண்டு பேருமா வருவீக. ஒங்க வீட்டுக்காரவுக பேசுவாக, இவுக பதிலுக்குப் பேசுவாக, நீ சிரிப்ப. நான் பொட்டலம் மடிச்சிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன். எனக்கும் அன்னைக்குப் பொழுது போயிரும். அவுக போன பொறவு நீ ஒத்தைல வந்த. ஒரு சத்தமும் இல்ல. நீ வந்துட்டுப் போறதே எனக்குத் தெரியாது. பொறவு இவுக சொல்லுவாக, வந்தா, போயிட்டான்னு.”

முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார், எப்போதிலிருந்து மாறினார் என்று மேதா கேட்பாள். அதற்கு இவ்வளவு சரியாக யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆப்ரேஷன் எப்படி இருந்தது என்று கேட்டேன். இந்த முறை கேட்டுவிட்டு அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் பச்சைத் துணி போர்த்தியது, வெளிச்சம் மட்டும் தெரிந்தது, நர்ஸ் மலையாளத்துப் பெண், அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். துபாயில் இருக்கும் சின்னவன் போனில் அழுதானாம். பெரியவன் கூப்பிடவே இல்லையாம். வேலையா இருப்பான் என்று அவரே சொல்லிக்கொண்டார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். கீழே அண்ணாச்சி யாரிடமோ ஹிந்தியில் வெங்காய விலை சொல்வது தெளிவாகக் கேட்டது. ஒரு மணி நேரம்போல உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மருந்து. கையைக் கழுவிக்கொண்டு வந்து கண்ணாடியைக் கழற்றினேன். தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி, கீழிமையை விரலால் மெல்ல இழுத்துப் பிடித்தேன். அந்தக் கண்ணை அவர் நன்றாகத் திறந்தார். சிவந்து, நீர் கோத்து, ஆனால் தெளிவாக இருந்தது. மேலே பார்க்கச் சொன்னேன். அவர் மேலே பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். தலையிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தார்.

“நீ இம்புட்டு குள்ளமாவா இருக்க” என்றார். “சத்தத்த வச்சி நல்ல ஒசந்த பொம்பளன்னுல்லா நெனச்சிருந்தேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கை ஆடி, மருந்து ஒரு சொட்டு அவர் மூக்கின் மேல் விழுந்தது. மைனி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஆங், இதுதான்” என்றார். “இந்தச் சத்தந்தான்.”